மூன்றாம் வரிசை, மின்விசிறிக்குக் கீழே

முதல் வரிசையில் இரண்டு கல்லூரி முதல்வர்கள். நடுவில் ஒரு நாற்காலியில் கோப்பை.

இரண்டாம் வரிசையில், விளம்பரம் கொடுத்த நகைக்கடைக்காரர்.

மூன்றாம் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, நீல உடைக் கல்லூரியின் ஆட்கள் நடுவில், ஒரு பிள்ளைத்தாய்ச்சி.

ஒன்பதாம் வரிசையில் அவர்.

யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்ட பிறகுதான் அவர் மல்யுத்தம் பார்ப்பார். ஓய்வு பெற்ற கல்லூரி எழுத்தர். போட்டி முடிந்தால் மல்யுத்தச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போகும். கடிதத்துக்குச் சாட்சி வேண்டும்.

அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை அங்கே உட்கார வைத்ததே அவர்தான். கதவோரம் வியர்த்து நின்றாள்.

"அங்க போய் உக்காரு கண்ணு. காத்து வரும்."

நீலத்துக்காரர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

இடைவேளையில் நடுவர் கார்வேந்தன் தண்ணீர் பாட்டிலோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மனைவி.

அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

கடைசி ஆட்டம். சிவப்பு உடை, அவர் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த கல்லூரி. சிவப்பு நீலத்தைத் தூக்கி மல்லாத்தியது. இரண்டு தோளும் ஒருசேர விரிப்பில் பட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது.

பட்டது. ஒன்பதாம் வரிசையிலிருந்து அவர் பார்த்தார்.

கார்வேந்தன் கன்னம் விரிப்பில் பதியப் படுத்துப் பார்த்தான்.

விசில் ஊதவில்லை.

நீலம் நழுவி எழுந்தது. ஒரு புள்ளியில் ஜெயித்தது.

வாசலில் அவனை மறித்துக் கேட்டார். அவன் களைத்துப்போய்ச் சிரித்தான்.

"ஏனுங்கய்யா, மூக்கை விரிப்புல வெச்சுப் பாத்த எனக்குத் தெரியல. ஒம்பதாவது வரிசைல கண்ணாடி தொடைச்சுக்கிட்டு இருந்த உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?"

சுற்றி நின்ற மாணவர்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருவன் கண்ணாடி துடைப்பது போல நடித்தும் காட்டினான்.

அவரும் சிரித்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினார். மேசையில் முழுத் தாள். இடப்பக்கம் மூன்று விரல் ஓரம் மடித்தார்.

கார்வேந்தன் மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள். இரண்டும் இவர் எழுதியவை. மூன்றாவது வந்தால் நடுவர் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும் என்று சங்கம் பதில் போட்டிருந்தது. அந்தப் பதிலை நாடாவில் கோத்து வைத்திருக்கிறார். பட்டியலில் பெயர் இருப்பதால்தான் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக விளையாட்டு ஆசிரியர் வேலை. அதுவும் அவருக்குத் தெரியும்.

எட்டுக் குறிப்புகள் எழுதினார். விசில். கடிகாரம். எச்சரிக்கை கொடுப்பதில் தாமதம். தோள், தோள், தோள்.

எட்டாவது: சந்தேகமிருப்பின் கேபிள் ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்ளவும்.

மறுநாள் மாலை ஆறு மணிக்குக் கேபிளில் போட்டார்கள்.

வர்ணனை செய்தவனுக்கு ஒரு பிடியின் பெயரும் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஆகா என்றான். பாதித் திரையை நகைக்கடை வளையல் மறைத்தது. புள்ளி விழும்போதெல்லாம் முதல்வர்களைக் காட்டினார்கள். இதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் கேமரா அரங்கத்தின் எதிர்ப்பக்கம் இருந்தது.

தோள் தெரிந்தது.

தோளுக்கும் விரிப்புக்கும் நடுவே கார்வேந்தனின் உள்ளங்கை நுழைந்தது. எதிலும் தட்டாமல் மறுபக்கம் வந்தது.

மெதுவாக இன்னொரு முறை காட்டினார்கள். கை நுழைந்தது. வந்தது.

"கை உள்ளார போயிட்டு வருதுங்களே," என்றாள் மனைவி, பூண்டு உரித்தபடி. "அப்பத் தோளு படலீங்களா?"

அவர் டி.வி.யை அணைத்தார்.

மேசைக்குப் போனார். கடிதத்தை எடுத்து முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

இரண்டாகக் கிழித்தார். நான்காகக் கிழித்தார்.

வாசலில் கேட்ட அந்த ஓ இன்னும் காதில் இருந்தது.

புதுத் தாள் எடுத்தார். ஓரம் மடித்தார். அடித்தல் திருத்தலோடு ஒரு கடிதம் அவர் கையிலிருந்து போனதில்லை.

விசில் இல்லை. கடிகாரம் இல்லை. தோள் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேபிள் பற்றியும் இல்லை.

முதல் வரிசையில் முதல்வர்கள். இரண்டாம் வரிசையில் நகைக்கடை உரிமையாளர். மூன்றாம் வரிசையில், வெற்றி பெற்ற கல்லூரியினர் நடுவே, நடுவரின் மனைவி. அந்த அம்மையாருக்கு அவர்களே இடம் ஒதுக்கிக் கொடுத்தனர். இடைவேளையில் நடுவரும் அங்கே சென்று அமர்ந்தார். நீலம் ஒரு புள்ளியில் வென்றது. தங்கள் மேலான கவனத்துக்கு.

படித்துப் பார்த்தார்.

ஒரு சொல் பொய்யில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நகல் எழுதினார்.

பசை காய்ந்திருந்தது. மனைவியிடம் நாலு பருக்கை சோறு கேட்டு வாங்கி, மசித்து, இரண்டு உறைகளையும் ஒட்டினார். ஓரங்களை நகத்தால் நீவினார்.

காலையில் தபால் நிலையம். கவுண்டரில் இருந்த பெண் முகவரியைப் பார்த்தாள்.

"இந்த வருசமும் குஸ்திங்களா சார்?"

"ஆமா கண்ணு. பதிவுத் தபால். ரெண்டும்."

உள்ளே புழுக்கமாக இருந்தது. அவர் இரண்டடி நகர்ந்து மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டார்.

முத்திரை விழுந்தது. இன்னொரு முறை விழுந்தது.