சொல்லாமல் எடுத்த படம்

ரயிலில் என் மடியிலிருந்த புதுக் கேமராவைப் பார்த்ததும், பக்கத்து இருக்கை ஞானசீலன் யாரும் கேட்காமலே எனக்கு ஆசானாகிவிட்டார். "சொல்லிட்டு எடுத்தா மூஞ்சி செத்துடும் மேடம். ஆளு அசந்த நேரம் பாத்து அமுக்கணும், அதான் கலை." சொன்னதோடு நிற்காமல் கேமராவை வாங்கி, எதிரே ஜன்னலோரம் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்த பெண்ணைப் படம் எடுத்தார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கண்ணீர்ல வெயில் விழுது பாருங்க" என்று, மீன்காரர் செவுளைத் திறந்து காட்டுவதுபோல, படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பிறகு கலைஞருக்கே ஆசை வந்துவிட்டது. "என்னையும் ஒண்ணு எடுங்க." சீப்பை எடுத்துத் தலை வாரினார். கைக்குட்டையால் முகத்து எண்ணெயைத் துடைத்தார். வயிற்றை எக்கிக்கொண்டு சிரித்தார். நான் கேமராவைக் கண்ணில் வைத்தபடி காத்திருந்தேன். மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும். தொந்தி பொத்தென்று மடியில் இறங்கியது, சிரிப்பு கோணியது. அமுக்கினேன். "என்ன மேடம், ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுக்க மாட்டீங்களா? அத அழிச்சிடுங்க" என்று கையை நீட்டினார். அதற்குள் இன்னொரு கை நீண்டிருந்தது. "எங்க, காட்டுங்க" என்றாள் எதிர் இருக்கைப் பெண், முந்தானையை விலக்கி.