சாவி தர மாட்டேன்

“அக்கா, மரியாதையா சாவியைக் குடுத்துடு. கூட்டம் இப்ப யார் பேச்சையும் கேக்குற நிலைமையில இல்ல.”

இரும்புக் கம்பியைத் தோளில் சாய்த்தபடி தம்பி சொன்னான். மாவு மில்லின் பூட்டிய கதவில் முதுகு சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா அசையவில்லை. சாவி அவள் கைக்குள் இருந்தது.

“பேச்சுக் கேக்காத கூட்டத்தை எதுக்குடா கூட்டிட்டு வந்தே?”

அன்று காலை மில்லுக்குள் சிறுத்தை நுழைந்ததைத் தச்சர் தன் கண்ணால் பார்த்திருந்தார். அவர் போட்ட கூச்சலில் கம்பும் கடப்பாரையுமாகத் தெருவே திரண்டுவிட்டது. ஆனால் வாசலில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, அவர்கள் வந்து சேர்வதற்குள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டாள்.

“சிறுத்தைச் சித்தி இப்படித்தான் பண்ணுவான்னு தெரியும்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது.

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. தெருப் பெண்களைச் சேர்த்து அவள் ஒரு குழு வைத்திருந்தாள். குப்பையைத் திறந்து போடாதே, கொட்டகையை மூடி வை, காட்டு விலங்கு வந்தால் விரட்டாமல் வழி விடு என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். முகத்துக்கு நேரே தலையாட்டுகிறவர்கள், முதுகுக்குப் பின்னால் கிண்டலடிப்பார்கள்.

“என் ரெண்டு ஆட்டையும் தின்னது இதுதான்க்கா. கையில புட்டி வெச்சுப் பால் குடுத்து வளத்தேன்” என்றான் தம்பி. 

“எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா? கொட்டகைக்குக் கதவு போடச் சொல்லிக் குழுவுல பலகை கொண்டாந்து குடுத்தோம். நீ அதுல கட்டில் செஞ்சுக்கிட்டே.”

தம்பிக்கு முகம் சிவந்தது. தச்சர் வேறு பக்கம் பார்த்தார். கட்டிலைச் செய்தவர் அவர்தான்.

“பின்பக்கமா போய் வளைச்சுப் பிடிக்கலாம்ப்பா” என்றார் கறிக்கடைக்காரர்.

“தாராளமா போங்க. பின்னாடி ஜன்னல் திறந்து கிடக்கு. உங்க சத்தத்துக்கு மிரண்டு பாய்ஞ்சா நேரா உங்க நெஞ்சு மேலதான் விழும். போன வருஷம் தொழுவத்துல ஒரு சிறுத்தையை வளைச்சீங்களே, பால்காரருக்கு ஒரு கண்ணு போச்சே, மறந்துட்டீங்களா?”

கறிக்கடைக்காரர் இருந்த இடத்திலேயே நின்றார். ஒருவரும் பின்பக்கம் போகவில்லை.

“அப்ப மில்லுக்கே தீ வெச்சுருவோம்!”

“வைங்க! என் மில்லுதானே? உங்க வீட்டு மாவும் உள்ளதான் இருக்கு. சேர்ந்தே வேகட்டும்.”

தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. கம்பியைப் பூட்டின் வளையத்துக்குள் செருகினான். அக்கா விசுக்கென்று எழுந்து இரண்டு கைகளாலும் பூட்டைப் பொத்திக்கொண்டாள்.

“உடை. முதல்ல என் கையை உடை, அப்புறம் பூட்டை உடை.”

அவன் கம்பியை ஓங்கினான். அவள் கண்ணை மூடக்கூட இல்லை. சின்ன வயதில் அவனை அடிக்க வந்த ஊர்ப் பையன்களின் முன்னால் இப்படித்தான் நின்றிருக்கிறாள். ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது.

“சாயங்காலம் ஆனாலும் நகர மாட்டியா?”

“மாட்டேன்.”

வெயில் ஏறியது. கடை திறக்க வேண்டியவர்கள்கூட நகரவில்லை. வசை, கெஞ்சல், மிரட்டல் எல்லாம் மாறி மாறி வந்தன. அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே நின்றாள்.

அவளுடைய போன் அடித்தது. “ம்… சரி… நீ பத்திரமா வீட்டுக்குப் போ” என்று வைத்தவள், கதவை விட்டு விலகிச் சாவியைத் தம்பியிடம் நீட்டினாள்.

“இந்தா, திற.”

இவ்வளவு நேரம் துள்ளிய கூட்டம் சடாரென்று பின்வாங்கியது. தம்பி பூட்டைத் திறந்து, கம்பியை முன்னால் நீட்டியபடி கதவைக் காலால் தள்ளினான்.

உள்ளே மூட்டைகளும் அரைக்கும் இயந்திரமும்தான் இருந்தன. தரையில் சிந்திக் கிடந்த மாவில் பெரிய பாதத் தடங்கள். அவற்றை ஒட்டியே ஒரு குட்டியின் தடங்கள். இரண்டும் நேராகப் பின்ஜன்னலுக்குப் போயிருந்தன.

“அக்கா… எங்க அது?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா ஆத்தங்கரை நாணலுக்குள்ள குதிச்சுப் போயிடுச்சு. தெரிஞ்சா நாணலையே கொளுத்தியிருப்பீங்க. இப்பத்தான் குட்டியோட பாலத்தைத் தாண்டிக் காட்டுக்குள்ள போச்சாம். இவ்வளவு நேரம் நான் பிடிச்சு வெச்சிருந்தது உங்களைத்தான்.”

தம்பியின் தோளில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டு அக்கா சொன்னாள்:

“அதுவரைக்கும் பாலத்துல ஒரு வண்டி, ஒரு ஆளு விடாம மறிச்சு நின்னவகிட்ட வீட்டுக்குப் போய்ச் சண்டை போடாதே. உன் பொண்டாட்டி எங்க குழுவுல சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு.”