காற்றுப் படாமல்

நெருப்பு சோம்பிக் கிடந்தது.

காலையில் துள்ளித் துள்ளி எரிந்த நெருப்புத்தான். இப்போது செம்மஞ்சளாய்த் தடித்து, ஆடி அசைந்து, எரிவதா வேண்டாமா என்று யோசித்தது.

அடுப்பின் கண்ணாடி கறுத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தான்.

கறுப்பு உள்பக்கத்தில் இருந்தது.

யன்னலுக்கு வெளியே கனடா முழுவதும் வெள்ளையாய்க் கிடந்தது. உள்ளே, அடுப்புக்கு எதிரே போட்ட கட்டிலில் அவன் மனைவி ஆரணி. அவளை ஒட்டி, பிறந்து மூன்று கிழமையான மகள். முப்பத்தோராம் நாள் துடக்கு இன்னும் கழியவில்லை. அதனால் பெயர் வைக்கவில்லை.

மாமிக்கு விசா கிடைக்கவில்லை. பிள்ளை பெற்றவளைப் பராமரிக்கும் வேலை மொத்தமும் மருமகன் தலையில் விழுந்தது.

அவன் முகம் சுளிக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாமி ஃபோனில் சொல்லச் சொல்ல, மிளகும் மஞ்சளும் அரைத்த சரக்குத்தூள் போட்டுக் கறி வைத்தான். வேப்பிலை தேடி அலைந்து, வெந்நீர் வைத்தான். குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டினான். அவன் பரம்பரையில் எந்த ஆணும் செய்யாத வேலைகள். அதில் ஐயாவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

சாம்பிராணிப் புகைக்குச் சுவரில் இருந்த நச்சுப்புகை அலாரம் கத்தியது. குழந்தை திடுக்கிட்டது. அதைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டான்.

மாமி ஒவ்வொரு முறையும் ஒன்றைச் சொல்லித்தான் ஃபோனை வைப்பார்.

“மற்றதெல்லாம் பிறகு தம்பி. காத்து மட்டும் படக்கூடாது. பச்சை உடம்பு.”

காற்றுத்தானே. விட்டுவிடுவானா?

யன்னல் விளிம்புகளில் டேப் ஒட்டினான். கதவின் அடியில் துவாயைச் சுருட்டி அடைத்தான். ஆரணியின் காதில் பஞ்சு வைத்தான். இன்று காலை, வேறெங்காவது காற்று வருகிறதா என்று தவழ்ந்து தவழ்ந்து தேடினான். அடுப்புக்குப் பின்னால் கையை நீட்டியபோது சில்லென்றது.

பழைய செங்கல் கணப்புக்குள் செருகிய அடுப்பு அது. மரத்தூளை இறுக்கிச் செய்த குறுணிகளைத் தானே எடுத்துத் தானே எரித்துக்கொள்ளும். எரியக் காற்று வேண்டுமே. அதற்காக, அடுப்பைப் பூட்ட வந்தவர் சுவரைத் துளைத்து, வெளியிலிருந்து ஒரு குழாய் கொடுத்திருந்தார். ஏன் எதற்கு என்று நின்று விளக்கவும் செய்தார். அவன் நன்றாகத் தலையாட்டினான்.

இன்று காலை அந்தக் குழாயின் வாயில் இடுப்பில் கட்டும் தன் பழைய சாரத்தைத் திணித்துவிட்டு வந்தான். வீடு நிறையக் காற்று சும்மா கிடக்கிறது, அடுப்புக்கு அது போதாதா என்பது அவன் கணக்கு.

மத்தியானம் ஆரணி, “இஞ்சேருங்கோ, தலை இடிக்குது” என்றாள்.

மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுத்தான்.

பிறகு வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள். அது சரக்குக் கறியின் காரம் என்று நினைத்தான்.

குழந்தை பாலுக்கு எழும்பவில்லை. ஊரைக் கூட்டுகிற பிள்ளை இன்றைக்கு அமைதியாய்த் தூங்குகிறாள். நல்ல பிள்ளை என்று மெச்சினான்.

ஈரத்துணியோடு குந்தியிருந்தவன், மறுபடியும் நெருப்பைப் பார்த்தான்.

அதற்கு மூச்சு முட்டியது. பார்த்தாலே தெரிந்தது.

அப்புறம்தான் மற்ற இரண்டு மூச்சுகளும் அவன் நினைவுக்கு வந்தன. குழாய் அடைபட்டால் வீட்டுக்குள் மணமில்லாத நஞ்சு நிறையும் என்று பூட்ட வந்தவர் சொன்னதும்தான்.

துணியைப் போட்டான். அடுப்பை நிறுத்தினான். குழந்தையைப் போர்வையோடு அள்ளினான்.

“ஆரணி, எழும்பு. வெளியில வா.”

“வெளியிலயோ? காத்து…”

“வா.”

துவாயை உதைத்துத் தள்ளிக் கதவைத் திறந்தான். அவளை அணைத்துப் பிடித்து வாசற்படிக்கு இறக்கினான். பனிக்காற்று மூன்று பேரையும் முகத்தில் அறைந்தது.

ஆரணி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சை இழுத்தாள். இன்னொன்று. இன்னொன்று.

அவன் ஃபோனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினான். முகவரியைச் சொன்னான். அடுப்பு என்றான், காற்று என்றான், குழந்தை என்றான், அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை.

குழந்தை அசையவில்லை.

முகத்தை மூடியிருந்த போர்வையை விலக்கினான். தன் கையாலேயே விலக்கினான். நெற்றியில் பனி விழுந்து கரைந்தது.

அப்போதும் அசைவில்லை.

கழுத்துவரை விலக்கினான். நெஞ்சுவரை விலக்கினான். வாழ்நாளில் எதற்கும் அவன் இப்படிப் பயந்ததில்லை. அம்மா, அம்மா என்று யாரையோ கூப்பிட்டான்.

காற்று அந்தச் சின்ன முகத்தில் முழுதாய் அடித்தது.

மூக்கு சுருங்கியது.

உதடு கோணியது.

பிறகு வாயைத் திறந்தாள். தெரு முழுக்கக் கேட்கிற அழுகை.

“போர்த்துங்கோ, பிள்ளை விறைக்குது” என்று ஆரணி கையை நீட்டினாள்.

அவன் போர்த்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தச் சிவந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவசர எண்ணை எடுத்த பெண் ஃபோனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை மூச்சு விடுகிறதா, ஐயா? கேட்கிறதா? குழந்தை மூச்சு விடுகிறதா?



ஃபோனைக் குழந்தையின் வாயருகே பிடித்தான்.