அளவு பொருந்திய டிஸ்க்

மகள் எழிலரசி இறந்தாள். கொஞ்ச நாளில் அவள் கம்ப்யூட்டரும் நின்றுபோனது. அவள் பேசிச் சிரித்த வீடியோக்கள் எல்லாம் அதற்குள்தான். டிஸ்க்கை மாற்றவேண்டும் என்று ரிப்பேர் கடை யாசின் சொல்ல, பழசின் அளவுக்குப் பொருந்துமா என்று அட்டைமேல் எழுத்துக்கூட்டிப் படித்து நானே புதுசு வாங்கி வந்தேன். யாசின் திருகாணிகளைக் கழற்றி, பழசை எடுத்துவிட்டுப் புதுசைச் செருகினான். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. திரை வெளிச்சமானதும் என் மனைவி பவுனு, “அவ எங்க, தம்பி?” என்றாள்.

“இது காலி டிஸ்க்குக்கா.”

நான் வேலை பார்க்கும் அரிசி குடோனில் மூட்டை கிழிந்தால் புதுச் சாக்கில் கொட்டிக்கொள்வோம். அந்த நினைப்பில், “பழசுல இருக்கிறத இதுல கொட்டிடுப்பா” என்றேன்.

“கொட்டறதுக்கு இது என்ன அரிசியாண்ணே? பழசுக்கு உசுரே இல்ல” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பவுனு மேசையில் கிடந்த பழசைக் கையில் எடுத்தாள். “இன்னும் இதுக்குள்ளதான் இருக்காளா?”

“இருக்காங்கக்கா. எடுக்கத்தான் முடியாது.”

அவள் முந்தானையால் அதன் தூசியைத் துடைத்து, காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். யாசின் எழுந்துபோய் இரைந்துகொண்டிருந்த ஃபேனை நிறுத்தினான்.