ஐந்தாவது கால்

பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனுக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார்கள். நண்பன் தியோஃபிலின் படம் என்ன ஆயிற்று என்று கேட்க, சிற்பி பார்னபே மோன்மார்த்தர் மேட்டில் இருந்த அவன் வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறி வந்தான்.

தியோஃபில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி லியோனி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பார்னபேக்குப் புரிந்துவிட்டது.

"விடுடா. அந்தத் தேர்வுக் குழுக் கிழங்களுக்குக் கண்ணா தெரியுது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷமா? படத்தை வாங்கறேன்னு சொன்ன அமெரிக்காக்காரர் நாளைக்கே கப்பல் ஏறிடுவாரே அண்ணே! எங்க அடுப்பு அவரை நம்பித்தானே இருந்துது!" என்று அழுதாள் லியோனி.

"குழு தள்ளிவிட்டுதுன்னு அவர்கிட்ட ஏம்மா சொல்லணும்?"

"தள்ளியிருந்தா நாங்க ஏண்டா அழறோம்?" என்று சீறினான் தியோஃபில். "ஏத்துக்கிட்டானுங்க! சலோன் தள்ளின படம்தான் அவருக்கு வேணும். அவர் ஊர் பாஸ்டன்ல இப்ப அதுக்குத்தான் மவுசாம். விருந்தாளி வந்தா படத்தைத் திருப்பி, பின்னால குத்தின நிராகரிப்பு முத்திரையைத்தான் முதல்ல காட்டுவாங்களாம்."

"கொஞ்சம் மட்டமா வரைஞ்சு தொலைச்சிருக்கலாமேடா!"

"வரைஞ்சேனே! மாட்டுக்கு அஞ்சு கால் போட்டேன்."

"அப்புறம்?"

"அந்த அஞ்சாவது காலுக்காகத்தான் படத்தை நடுச்சுவர்ல மாட்டப் போறாங்களாம். மத்த நாலும் சுமார்தானாம்."