இரண்டு கேன்டீன், ஒரே கார்டு

பொற்கொடி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மத்தியானமே பிரியாணி அண்டா காலி. சாயங்கால ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு என்னத்தைப் போடுவது?

ஓசூர் சிப்காட்டில் இருந்த அந்த கியர் கம்பெனிக்குச் சமையல் ஒன்று, கேன்டீன் ரெண்டு. முன்கேட்டில் பொற்கொடி, பின்கேட்டில் செல்வம். காசு கட்டி ஏற்றிய கார்டைத் தேய்த்தால் ஒரு சாப்பாடு கழியும், வேளைக்கு ஒன்றுதான். எங்கே தேய்த்தாலும் ரெண்டு கம்ப்யூட்டருக்கும் தெரிந்துவிடும்.

போன வாரம் புது சாஃப்ட்வேர் வந்தது. பொற்கொடி போட்டுக்கொண்டாள். செல்வம் மாட்டேன் என்றுவிட்டான். அன்றோடு ரெண்டு கம்ப்யூட்டருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. இங்கே தின்றது அங்கே தெரியாது. நம் ஜனம் சும்மா இருக்குமா? இங்கே ஒரு பிரியாணி, பின்கேட்டுக்கு நடந்துபோய் இன்னொன்று.

"எல்லப்பா, ரெண்டாவதா?" என்று பின்கேட்டுப் பக்கம் நடந்த ஒருவனைப் பிடித்துக் கேட்டாள்.

"இல்லீங்கக்கா, அங்க நடந்து போறதுக்குள்ள முதலாவது செரிச்சுப் போவுது" என்றான் அவன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

பொற்கொடி நேரே செல்வத்திடம் போனாள்.

"ஏம்ப்பா, ஒரு சிடி போட உனக்கு என்ன கேடு? உன் வீம்புக்கு சாயங்கால ஷிப்டு பட்டினி கிடக்கணுமா?"

"எனக்குப் பழசே போதுங்கக்கா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் குருமூர்த்தியிடம் இழுத்துப்போனாள்.

குருமூர்த்தி கம்ப்யூட்டர் ரூமிலிருந்து மேலே வந்த மனுஷன். அப்பளம் ஒன்று கூடப் போனாலும் கேள்வி கேட்பார்.

"இன்னிக்கே புதுசைப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

செல்வத்தின் சிரிப்பு காணாமல் போனது.

"போட்டுடறேன் சார். பழசுல ஒரு கோளாறு இருக்கு. கார்டு தீர்ந்தாலும் சாப்பாடு குடுக்கும், சம்பளத்துல கழிச்சுக்கும். பூராத்தையும் ஊருக்கு அனுப்பிட்டு மாசக் கடைசில நிக்கறவங்க அதை நம்பித்தான் இருக்காங்க. புதுசு துரத்திடும் சார்."

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. முந்தாநாள் சாப்பிட வந்த லாவண்யா தீர்ந்துபோன கார்டைத் தேய்த்தபோது மெஷின் கத்தியது. அந்தப் பொண்ணு மோர் மட்டும் வாங்கிக்கொண்டு போனதும், தான் "அடுத்த ஆள்" என்று கூப்பிட்டதும் நினைவுக்கு வந்தன.

"சார், என்னுதுலயும் பழசையே போட்டுக்கறேன் சார்" என்றாள்.

குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க இன்னொரு அண்டா ஏத்துங்க. ரெண்டு தடவை தின்னவங்களை எல்லாம் வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க."

பிறகு போனை எடுத்து, சாஃப்ட்வேர் போட்டுக்கொடுத்த பெங்களூர் ஆபீஸில் சுவாதியைப் பிடித்தார்.

"ஏம்மா, கார்டு தீர்ந்தாலும் சாப்பாடு போடற மாதிரி பழசுல ஒண்ணு இருந்துச்சே, அதை எதுக்கு எடுத்தீங்க? ... கோளாறா? அந்தப் பழசை எழுதினதே நான்தாம்மா. தெரிஞ்சேதான் வெச்சேன்."