உள்ளே போன செருப்பு

குதிகால் வலிக்கு, வீட்டுக்குள் போட்டு நடக்கும்படி டாக்டர் சொன்ன மெத்தைச் செருப்புகள் மூன்று நாளாக வாசலிலேயே கிடந்தன. செருப்போடு வீட்டுக்குள் நடக்க, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற குணவதி டீச்சருக்கு மனம் வரவில்லை. அவர் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஓர் “ஐயோ” கேட்டது. வலது செருப்புக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“கால்மிதி அண்ணே, நாங்க தெருவையே பார்த்ததில்ல. உள்ள விடுங்க.”

“அடேய், என் முதுகைத் தாண்டி ஒரு செருப்பு போனதா சரித்திரமே இல்ல!”

மறுநாள் காலையில் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். செருப்புகளை மாட்டிக்கொண்டு சட்டென்று உள்ளே திரும்பினார்.

“காலையாவது துடைச்சிட்டுப் போங்கடா!” என்று அலறியது கால்மிதி.

இரண்டும் துள்ளித் துள்ளித் துடைத்தன. ஒரு பொட்டுத் தூசி உதிரவில்லை. அப்புறம் சமையலறை வரைக்கும் ஒரே கும்மாளம். அவை கிடந்த இடத்தில் இப்போது அந்த “ஐயோ” கிடந்தது.